மேற்படி

"அந்தத் தாளை எடுத்துட்டு வாங்க. பார்க்காம இங்கேர்ந்து நகர மாட்டோம்."

சின்னவள் மேசையில் தட்டிய தட்டில் நகராட்சிக் குமாஸ்தாவின் பேனா உருண்டு கீழே விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆட்சேபனை சொல்ல இன்றுதான் கடைசி நாள். விட்டால் அக்காவின் தெருவில் பதினேழு வீடும் தரைமட்டம், அங்கே அகலச் சாலை. அந்தத் தெருவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு நோட்டீஸில் ஒரே வரிதான்: 'வசிக்கத் தகுதியற்ற வீடுகள்.'

அக்கா அந்த வீட்டை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாங்கச் சொன்னதே சின்னவள்தான். நகரத் திட்டமிடலில் முதுகலை படிக்கிறவள் சொன்னால் தப்பாகுமா என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். மாமா மச்சினிக்கு 'பிளானு' என்றே பெயர் வைத்திருந்தார். எங்க பிளானு சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

நோட்டீஸ் வந்ததிலிருந்து அவர் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அதனால்தான் கல்லூரி அடையாள அட்டையை வேண்டுமென்றே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். காதில் பூச்சுற்ற முடியாத ஆள் வந்திருக்கிறாள் என்று இவர்களுக்குத் தெரியட்டும்.

"தாள்லாம் எதுக்கும்மா? மனுவைக் குடுத்துட்டுப் போங்க, மேல அனுப்பறேன்" என்றார் குமாஸ்தா.

"வீடு வீடாப் போய்க் கணக்கெடுத்த தாள் இருக்கும்ல? அதைப் பார்த்துட்டுத்தான் எழுதுவேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். ஆடி அசைந்து திரும்பி வந்தார். தூசி தட்டி, கட்டவிழ்த்து, ஒரு தாளை உருவினார். அதில் தெருப் பெயர் கிடையாது. 'கட்டம் 14' என்று மட்டும் இருந்தது. சுவரில் தொங்கிய வரைபடத்தில் பதினான்காம் கட்டத்தைத் தேடி விரலை வைத்துக் காட்டினார். அக்காவின் தெருதான்.

பதினேழு வீட்டுக்குப் பதினேழு வரிசை.

முதல் வரிசையில் டிக் அடித்திருந்தது. மண் சுவர். தகரக் கூரை. கழிப்பறை இல்லை. இரண்டாம் வரிசையில் 'மேற்படி'. அங்கிருந்து ஓர் அம்புக்குறி பதினேழாம் வரிசைவரை நேராக இறங்கியது.

ஒன்பதாம் வரிசை அக்காவின் வீடு. அதன் நடுவயிற்றில் கோடு போயிருந்தது.

"கழிப்பறை இல்லையாமா? நாங்க வாங்கும்போதே டைல்ஸ் போட்டுப் பளபளன்னு இருந்துச்சே!" பக்கத்தில் நின்ற அக்காவின் குரல் உடைந்தது.

சின்னவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கோட்டைப் பாருங்க சார். எவ்வளவு நேரா இருக்கு! ஸ்கேல் வெச்சுப் போட்டது. தெருவுல நின்னு எழுதறவங்க யாராவது ஸ்கேல் வெச்சுக் கோடு போடுவாங்களா? எங்கேயோ சொகுசா உட்கார்ந்து போட்டிருக்காங்க. பதினாறு குடும்பத்தைக் கோடு போட்டு அடிச்சிருக்காங்க. எங்க காலேஜ்ல இப்படிப் பண்ணா டிகிரியே கிடையாது, தெரியுமா?"

வரிசையில் யாரோ "அப்படிக் கேளும்மா" என்றார்கள்.

குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா எழுதினவங்களே வந்து, இது பொய்னு கையெழுத்துப் போட்டாத்தான் இந்தத் தாளைத் தள்ள முடியும். அதுக்கு யாரும்மா வருவாங்க?"

"யாருடி அந்தப் படுபாவி?" என்றாள் அக்கா. "பேரு போட்டிருக்கா பாரு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாத்தான் என் வயித்தெரிச்சல் அடங்கும்."

சின்னவள் தாளை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்து, அடியில் பார்த்தாள்.

பேர் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய தேதி. 'மாணவர் களப்பணி' என்று ஒரு முத்திரை. அதற்குக் கீழே பேனாவால் ஏழு இலக்கத்தில் ஓர் எண்.

அவள் அதைப் பார்த்தாள். மறுபடி தேதியைப் பார்த்தாள்.

"என்னடி, பேரு இருக்கா இல்லியா?"

இவ்வளவு நேரம் எரிந்த கோபம் அணையவில்லை. யார்மேல் காட்டுவது என்பதுதான் மாறிப்போயிற்று. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பேர் இல்லக்கா என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. அடுத்த மாதம் கடைசித் தேர்வு.

"பார்த்தாச்சுன்னா குடுங்கம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்று குமாஸ்தா கையை நீட்டினார்.

அவள் தாளைத் தரவில்லை. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, தாளின் அடியில், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். கீழே கிடந்த அவருடைய பேனாவைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

குமாஸ்தா இரண்டு எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். அக்காவும் படிக்கக் குனிந்தாள்.

"அன்னிக்கு நல்ல மழைக்கா" என்றாள் சின்னவள். "பஸ்ஸும் வந்துடுச்சு."