தலைவர் தேவை

“மறுபடியும் ‘நானே எழுதிடுவேன்’னா எப்படி சார்?”

அவள் பேனாவை மேசையில் வைத்த வேகத்தில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பல் மருத்துவமனைகளுக்கு டோக்கன் கொடுக்கும் செயலி. ஒன்பதே பேர் கொண்ட புதுக் கம்பெனி. தொழில்நுட்பத் தலைவர் பதவிக்கு இந்த வாரம் அவள் நேர்காணல் செய்யும் ஆறாவது ஆள் இவர். பன்னிரண்டு வருடம் புரோகிராம் எழுதியவர்.

“டீம்ல ஒரு பொண்ணு எழுதினது ஓடல. மறுநாள் காலைல கஸ்டமருக்குக் காட்டணும். என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன்.”

“அரை மணி நேர வேலை மேடம். நான் உட்கார்ந்தா முடிஞ்சிடும்.”

“அந்தப் பொண்ணு?”

“பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும்.”

“பாப்கார்ன் வாங்கிக் கொடுத்துடலாமா?”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தெரியாமத்தான் கேக்கறேன், வந்த ஆறு பேரும் இதையே சொன்னா நான் எங்க போய் முட்டிக்கறது? தலைவர்னா எழுதறவர் இல்ல சார். ரெண்டு பேர் சண்டை போட்டா நடுவுல நிக்கணும். முதலாளி முடியாததுக்கெல்லாம் வாக்கு கொடுத்துட்டு வந்தா, முடியாதுன்னு சொல்லணும். பேசிப் பேசித் தொண்டை வறண்டு போகும். சாயங்காலம் பார்த்தா ஒரு வரி கூட எழுதியிருக்க மாட்டீங்க. சம்மதமா?”

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. போன மாதம் சேர்ந்த பெண். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, ஒரே நேரத்துக்கு ரெண்டு பேருக்கு டோக்கன் போகுது. மூணு கிளினிக்ல இருந்து போன் பண்ணிக் கத்தறாங்க!”

நேர்காணல் செய்தவளின் கை தன்னால் லேப்டாப்புக்குப் போனது. பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். எதிரே இருந்தவரைப் பார்த்தாள். “நீங்க பாருங்க சார்.”

அவர் எழுந்தார். விரல்கள் துறுதுறுத்தன. இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“கடைசியா எதை மாத்தினீங்கம்மா?”

“டோக்கன் ரத்து பண்ற பகுதியை.”

“அது வரைக்கும் சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்... ஐயையோ! ரத்தான நேரத்தை ரெண்டு தடவை காலின்னு காட்டிட்டேன்!”

அந்தப் பெண் ஓடினாள். பத்து நிமிடத்தில், கண்ணாடிக்கு அப்பால் இருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

“கஷ்டமா இருந்துச்சா?” என்று கேட்டாள் இவள்.

“உயிரே போயிடுச்சு மேடம்.”

முதல் தடவையாகச் சிரித்தாள். “நான் யாரைச் சொல்றேனோ அவரையே எடுத்துக்கறேன்னு முதலாளி சொல்லியிருக்கார். திங்கக்கிழமை வந்துடுங்க.”

“ரொம்ப நன்றி மேடம். உங்களுக்குக் கீழ வேலை செய்யக் கொடுத்து வச்சிருக்கணும்.”

“எனக்குக் கீழயா? ரெண்டு வருஷமா இந்தக் கம்பெனியோட தொழில்நுட்பத் தலைவரே நான்தான் சார். திங்கக்கிழமையில இருந்து உங்க டீம்ல புரோகிராம் எழுதப் போறேன். தயவு செஞ்சு என்னை மட்டும் எந்த மீட்டிங்குக்கும் கூப்பிட்டுடாதீங்க!”