ஃபிரிட்ஜும் ஸ்டெபிலைசரும் போட்ட ஆல்பம்

பழைய ஃபிரிட்ஜுக்குத் தன் இசைமேல் அசாத்திய நம்பிக்கை. அது "ம்ம்ம்" என்று இழுக்க, சுவரில் இருந்த ஸ்டெபிலைசர் "டக்" என்று தாளம் போடும். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் வாசித்ததையெல்லாம் சேர்த்து, அன்று ஒரே ஆல்பமாக வாசிக்க முடிவெடுத்தன.

"உன் கால் ஆடிக் கடகடத்ததே, அதை விட்டுடலாமா?" என்றது ஸ்டெபிலைசர்.

"அதுதான்யா நம்ம முதல் புதுமை! அதையும் சேர்" என்றது ஃபிரிட்ஜ்.

"இதையெல்லாம் யாருய்யா கேப்பாங்க?" என்றது சுவரில் ஒட்டியிருந்த பல்லி.

"பொறுத்துப் பாரு" என்றது ஃபிரிட்ஜ்.

ஊறுகாய் பாட்டில்கள் கிணுகிணுக்க, முழு ஆல்பமும் அடுக்களையை அதிரவைத்தது. தோசை வார்த்துக்கொண்டிருந்த பரிமளா விருட்டென்று வந்து, ஃபிரிட்ஜின் தலையில் படபடவென்று அறைந்தாள்.

ஃபிரிட்ஜ் பூரித்துப்போனது.

"பார்த்தியா பல்லி? வழக்கமா ஒரு தட்டோட போயிடுவாங்க. இன்னிக்கு ஒன்ஸ் மோர்!"

"டக்" என்று தாளத்தை எடுத்தது ஸ்டெபிலைசர்.