மக்கர் பண்ணிய மோட்டார் சைக்கிள்

நாகராசு எட்டி எட்டி உதைத்தான். மோட்டார் சைக்கிள் 'பட்... பட்' என்று இருமிவிட்டு மறுபடி அடங்கியது. கறம்பக்குடி சாலையில் பின்தங்கி வந்த மாட்டுவண்டிகூட அவனைப் பிடித்துவிட்டது!

வண்டியிலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மக்கர் பண்ணுதா?"

"சம்சாரத்துக்குப் பிரசவ வலிங்க! அவசரமாப் போகணும். மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது!" அவன் கண்கள் வந்த வழியில், புதுக்கோட்டைப் பக்கமே திரும்பின.

அம்மாள் குதித்து இறங்கினாள். "பிளக்கைக் கழட்டிக் குடுங்க, பாப்போம்."

கொடுத்தான். உற்றுப் பார்த்தாள். "ஈரமா இருக்கே. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு."

"போங்கம்மா! சண்டைக் காலத்துல அளந்து குடுக்கிற ரேஷன் பெட்ரோலுங்க. அதுல ஏது தண்ணி?"

"டாங்க் குழாயைக் கழட்டிக் கையில பிடிச்சுப் பாருங்க."

பிடித்தான். உள்ளங்கையில் முத்து முத்தாய்த் தண்ணீர் உருண்டது! மளமளவென்று தண்ணீர் முழுவதையும் வடித்தான்.

"டாங்க்கைப் பாக்காமலே சொல்லிட்டீங்களே! பிளக்கைக் குடுங்க, பறந்துருவேன்!"

அம்மாள் பிளக்கை முந்தானையில் முடிந்துகொண்டாள். வண்டிக்காரர் சாட்டையோடு அவன் பின்னால் வந்து நின்றார்.

"நேத்து ஆயுத பூசைக்கு அந்த டாங்க்ல தீர்த்தம் ஊத்துனவளே நாந்தாங்க. காலையில இந்த மோட்டார் சைக்கிளக் காணோம்னு எங்க வீட்டுக்காரரு அங்கிட்டுத் தேடுறாரு, நான் இங்கிட்டு வந்தேன்."

நாகராசு மோட்டார் சைக்கிளிலிருந்து கையை எடுத்தான்.

அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க திருடுனதை நான் அவருகிட்டப் பேசிச் சமாளிச்சுக்கிறேன். தீர்த்தம் ஊத்துனதை மட்டும் அவருகிட்டச் சொல்லிப்புடாதீங்க!"