எதிர் நாற்காலி

பாட்டி மறுபடியும் ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் பஸ்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அடுப்பில் ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டி அவள் கையில்தான் இருந்தது. கிண்டத்தான் மறந்துபோயிற்று.

பேத்தி வருகிறாள். பிறந்து ஐந்து வருடமாகியும் முகம் பார்க்காத பேத்தி. தன்னைப் பாட்டி என்று கூப்பிட இதுவரை ஆள் வரவில்லை. ஓடையைக் காட்ட வேண்டும், கோழிக்குஞ்சைக் கையில் கொடுக்க வேண்டும், சுடச்சுட ஜாமை ரொட்டியில் தடவி ஊட்ட வேண்டும்.

அதற்கெல்லாம் முதலில் அவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை காலைல நானும் பாப்பாவும் வர்றோம். அப்பாகிட்ட சொல்லிடும்மா" என்று மகன், எப்போதாவது பேசும் அரை நிமிஷப் போனில் சொல்லியிருந்தான். சொன்னாள். தாத்தா ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றார். அன்றிலிருந்து அந்த 'ம்' அவளைத் தூங்கவிடவில்லை.

இந்தத் தோட்டம் எனக்கு வேண்டாம், டவுனில் வேலைக்குப் போகிறேன் என்று மகன் ஒருநாள் சொன்னான். தோட்டம் வேண்டாதவனுக்கு வீடும் வேண்டாம் என்று தாத்தா வாசலைக் காட்டினார். அதோடு சரி. அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார்.

இன்றைக்கும் அப்படிப் போய்விட்டால்? பிள்ளை வாசலில் நிற்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிட்டால்? அப்புறம் அவன் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

ஜாமை இறக்கி வைத்தாள். கையைச் சும்மா வைத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பின்னலை எடுத்தாள்.

பேத்திக்கான நீல ஸ்வெட்டர். நெஞ்சின் நடுவே ஒரு சடை இறங்கியது. அவள் பின்னும் சடை எப்போதும் வலப்பக்கமாகத்தான் முறுக்கிக்கொண்டு போகும். ஒரு கை மட்டும் பாக்கி.

கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். நீல நூலுண்டை இல்லை.

"சனியனே! இன்னைக்குமா?"

வெயிலில் படுத்திருந்த பூனை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. வருடக்கணக்காக இந்த வீட்டில் காணாமல்போன நூலையெல்லாம் அதுதான் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஒருமுறை ஒரு ஜோடி ஊசியும் போயிற்று. அதையும் பூனை தலையிலேயே கட்டினாள்.

பேத்திக்காக இப்படிப் பின்னியவை பெட்டியில், கம்பளிகளுக்கு அடியில் கிடந்தன. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒன்று. ஒன்றைக்கூட அனுப்பத் தைரியம் வரவில்லை. அவருக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மாலையெல்லாம் அவள் கைகளையே வெறித்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், உனக்கு வேறு வேலையே இல்லையா என்பார். குளிர் தொடங்கும்போது மட்டும் ரம்பத்துக்குச் சாணை பிடிக்க டவுனுக்கு ஒரு நடை போய்வருவார். அந்த ரம்பம் ஒரு கிளையையும் ஒழுங்காக அறுத்ததில்லை.

பஸ் ஹாரன் கேட்டது.

பாட்டி செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். தாத்தா ரம்பத்தோடு முற்றத்தில் நின்றிருந்தார். அவர் முகம் கொட்டகைப் பக்கம் திரும்பியிருந்தது.

மகன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். முடி கொட்டி நெற்றி ஏறியிருந்தது. அப்பாவைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான், காலை எடுத்து வைக்கவில்லை.

யாராவது எதையாவது பேசித் தொலைக்க மாட்டார்களா என்றிருந்தது பாட்டிக்கு.

அவன்தான் பேசினான், அம்மாவைப் பார்த்து. "நீ அனுப்பின ஸ்வெட்டரத்தான் போடுவேன்னு ஒரே அடம்மா இவ. இந்த வெயில்ல!"

அவன் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன உருவம் எட்டிப் பார்த்தது.

நான் எங்கே அனுப்பினேன் என்று கேட்க வாயெடுத்த பாட்டி அப்படியே நின்றாள்.

ஸ்வெட்டரில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பச்சையில் தொடங்கி மஞ்சளில் முடிந்திருந்தது. பூனை இழுத்துப்போன பச்சை. பூனை இழுத்துப்போன மஞ்சள்.

நெஞ்சின் நடுவே ஒரு சடை இறங்கியது. அவளுடைய அதே சடை. ஆனால் இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டு போனது.

எதிரே உட்கார்ந்து பார்த்துப் பழகியவருக்கு வலது இடதாகத்தான் வரும்.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எத்தனை குளிர்! பெட்டிக்குள் வைத்து வைத்து அவள் அழுததெல்லாம் வீண். சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரம்பத்தின் பல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

பாட்டி போய் கேட்டை அகலத் திறந்தாள்.

"ஏங்க, அந்த நீல நூல எடுத்துட்டு வாங்க. ஒரு கை பாக்கி இருக்கு."

தாத்தா கொட்டகையைப் பார்த்து நடந்தார். பேத்தி அவர் பின்னாலேயே ஓடினாள்.