நோட்டும் கையுமாக

அழகு நிலையத்துக்குள் நோட்டும் கையுமாக நுழைந்த பெண்ணைக் கண்டதும் முதலாளியம்மா சட்டென்று எழுந்து நின்றாள். இந்த வாரம் சோதனைக்கு ஆள் வருமென்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

“டிரையர் ஒயர் பிஞ்சிருக்கு. தரையெல்லாம் ஈரம். டை நெடி கண்ணைக் கரிக்குது, ஒரு ஜன்னல்கூடத் திறக்கல. யாரு கையிலயும் கிளவுஸ் இல்ல.”

வந்தவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

“எல்லாத்தையும் சரி பண்ணிடறேன் மேடம். மேலிடத்துக்கு மட்டும் அனுப்பிடாதீங்க!”

“மேலிடமா? நான் ஆபீசர் இல்லைங்க. திங்கக்கிழமை உங்ககிட்ட வேலைக்குச் சேரப் போற பொண்ணோட அம்மா. அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. நீங்களே சொல்லுங்க, அனுப்பட்டுமா?”

வந்தவள் அதிகாரியென்றால் முதலாளியம்மா எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். இப்போது பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“இப்ப வேணாங்க,” என்றாள் முதலாளியம்மா.