கவுன் என்னைக்குத் தருவீங்க?

"மூணு தடவை என் பொண்ணை அலைய விட்டிருக்கீங்க. சனிக்கிழமை ஸ்கூல் விழா. கவுனை விழா முடிஞ்சப்புறமா தரப் போறீங்க? வீட்ல சாப்பிடாம அழுவுறா."

டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்த நர்ஸ், தையல் கடைக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். காத்திருந்த நாலு பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னும் ஆகலக்கா," என்றாள் தையல்காரி, மிஷினிலிருந்து தலை நிமிராமல்.

"வாயால மட்டும் தேதி தேதியா தைக்கிறீங்க."

யாரோ சிரித்தார்கள். தையல்காரி எழுந்தாள். "அளவுல ஒரு சந்தேகம். உள்ள வாங்கக்கா."

திரைக்குப் பின்னால் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பொண்ணோட கிளாஸ் பொண்ணுங்க அஞ்சு பேருக்கு நான்தான் தைக்கிறேன். விழான்னு ஒருத்தியும் சொல்லல."

நர்ஸ் திரையை இன்னும் இழுத்து மூடினாள்.

"அளவெடுத்து முடிக்கறதுக்குள்ள பத்து மெசேஜ். ஒவ்வொண்ணுக்கும் புள்ள முகம் வெளிறுது. பதில் போடற வரைக்கும் அளவெடுக்க விடல. 'பதினெட்டு வயசு மாதிரி தெரியணும்'னு சொல்லுச்சு. மெசேஜ் பண்றது யாரும்மான்னு கேட்டேன். ஆன்லைன் கேம்ல பழகினவனாம், நேர்ல பார்த்ததே இல்லையாம். அதுக்கு மேல சொல்லாம போனைக் கவுத்து வச்சிருச்சு."

சாத்திய கதவு, தொடாத சோறு, கவிழ்த்த போன். எல்லாமே நர்ஸும் பார்த்ததுதான். பரீட்சை பயம் என்று நினைத்திருந்தாள்.

"திட்டிடாதீங்கக்கா. திட்டினா அவன்தான் நல்லவன்னு ஆயிடும். பக்கத்துல உக்காந்து கேளுங்க."

அப்படித்தான் கேட்டாள். ஒரு மணி நேரம் அழுதபின் மகளே போனை நீட்டினாள். 'சனிக்கிழமை மத்தியானம், பஸ் ஸ்டாண்ட். வீட்ல சொன்னா நடக்கறதே வேற.'

மறுநாளே போலீஸில் புகார் கொடுத்தார்கள். சனிக்கிழமை மகள் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். அன்றும் கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"எல்லார் முன்னாலயும் பேசிட்டேன், எல்லார் முன்னாலயே மன்னிப்புக் கேக்கறேன். நீங்க செஞ்சதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியலம்மா," என்று நர்ஸ் தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவுனுக்கு இப்ப அவசரமில்ல. மெதுவாத் தைங்க."

தையல்காரி அலமாரியைத் திறந்து, இஸ்திரி போட்டு மடித்திருந்த கவுனை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"துணி குடுத்த மறுநாளே தச்சு முடிச்சிட்டேன்க்கா. உங்க நம்பர் கேட்டேன், புள்ள தரல. இழுத்தடிச்சா, என்னோட சண்டை போடவாவது நீங்க வருவீங்கன்னு இருந்தேன்."