பிளாக்கிக்கு எது கேட்டது?

“மாத்திரை வேணாம் டாக்டர். மீன் எண்ணெய் போதும்” என்றாள் தாமரை.

டாக்டர் ஷாமினிக்குச் சுருக்கென்றது. மேசைமேல் நின்ற நாய் பிளாக்கியின் வயிறு முழுக்கச் சிவந்து கிடந்தது. சொறிந்து சொறிந்து காதோரம் ரத்தம் கசிந்தது.

“ஆன்டி, இது அலர்ஜி. மீன் எண்ணெய் நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா அது மெதுவாத்தான் வேலை செய்யும். அதுவரைக்கும் இது அரிப்புல துடிக்கணுமா? மாத்திரையையும் சேர்த்துக் குடுங்க.”

“ஜெஞ்சாரோம்ல என் தங்கச்சி வீட்டு நாய்க்கு எண்ணெய்லயே சரியாச்சு லா. கூட ஏதோ சத்துப் பவுடர் கலந்து குடுத்தா, அவ்வளவுதான். மாத்திரை கிட்னியை அடிச்சிடும்னு வாட்ஸ்அப்ல போட்டிருந்தாங்க.”

“வாட்ஸ்அப்ல போட்டவங்க பிளாக்கியைப் பார்த்தாங்களா?”

தாமரையின் முகம் இறுகியது.

“வீட்டுல ஏற்கெனவே ஒருத்தரு மாத்திரையிலதான் ஓடிக்கிட்டிருக்காரு. நாய்க்கும் வேணாம்.”

அந்த ஒருத்தர், அவள் கணவர் பரமேஸ்வரன், சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். இருதய ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டார்.

“அங்கிள், நீங்களாவது சொல்லுங்க.”

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

தாமரை பிளாக்கியை இறக்கிவிட்டு, “வாங்க, போலாம்” என்று கிளம்பினாள். பிடிவாதம் பிடித்த மனுஷி என்று ஷாமினி மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கிளினிக்கைத் திறக்க வந்தபோது பரமேஸ்வரன் வாசலில் நின்றார். தனியாக.

“டாக்டர், அந்த மாத்திரையை என்கிட்ட குடுங்க.”

“ஆன்டி ஒத்துக்கிட்டாங்களா?”

“இல்ல. அவளுக்குத் தெரிய வேணாம். பிளாக்கி முனகறதைக் கேட்க முடியல. காலையில அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்ன வாழைப்பழத்துல வச்சுக் குடுத்திடறேன்.”

“நேராவே சொல்லிடலாமே அங்கிள்?”

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“எனக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சவ அவ. மாத்திரையைப் பார்த்தாலே பயப்படறா. எண்ணெய்லதான் சரியாச்சுன்னு நினைச்சுக்கட்டும். தன் கையால ஒரு உசுரு தேறுச்சுங்கிற சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கட்டுமே.”

ஷாமினி மாத்திரையைக் கொடுத்தாள். எப்படிக் கொடுக்க வேண்டும், என்ன நடந்தால் உடனே வரவேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். இப்படி ஒரு மனுஷருக்கு அப்படி ஒரு பெண்டாட்டியா என்று தோன்றியது.

சில வாரம் கழித்து இருவரும் பிளாக்கியோடு மறுபடி வந்தார்கள். புண்ணெல்லாம் ஆறி, புதுமுடி முளைத்திருந்தது. பரமேஸ்வரன் வாசல் கதவோரம் நின்றுகொண்டார். தாமரை உள்ளே வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டாள்.

“எல்லாம் மீன் எண்ணெய்தான்! இந்த டாக்டரே நம்பல, தெரியுமா? ஒரு மாத்திரை குடுக்கல நான்!”

பூனையோடும் நாயோடும் காத்திருந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “என்ன எண்ணெய் அக்கா? எங்க வாங்கினீங்க?” என்று ஒருவர் போனை எடுத்தார்.

ஷாமினிக்குத் தாங்கவில்லை. தாமரையை உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ஆன்டி, உங்க பேச்சைக் கேட்டு அவங்களும் மருந்தை நிறுத்திட்டா, பாவம் அந்த வாயில்லாத ஜீவனுங்க என்ன ஆகும்? உண்மையில பிளாக்கிக்குக் கேட்டது...”

“மாத்திரைதான். தெரியும் டாக்டர்.”

ஷாமினி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அவங்ககிட்ட நீங்களே விளக்கமாச் சொல்லிடுங்க. நான் சொன்னது தப்புன்னே சொல்லுங்க. அவரு கதவுகிட்ட நின்னாரு, காதுல விழட்டும்னுதான் சத்தமாப் பேசினேன்.”

“உங்களுக்கு எப்படி...?”

“முதல்ல நான் எண்ணெயைத்தான் நம்பினேன். ஒருநாள் விடியக்காலம் முழிப்பு வந்து அடுப்படி ஜன்னல் வழியாப் பார்த்தா, வீட்டுக்குப் பின்னால உக்காந்து வாழைப்பழத்துக்குள்ள மாத்திரையை வைக்கிறாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. கதவைத் திறந்து கேட்டிருப்பேன். அப்பத்தான், ‘சீக்கிரம் முழுங்குடா, உங்கம்மா எழுந்திரிச்சிடப் போறா’ன்னு பிளாக்கிகிட்ட சொல்லிட்டுச் சிரிச்சாரு.”

அவள் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுலேருந்து அவரு சிரிச்சு நான் பார்க்கல டாக்டர். மத்தியானம் வரைக்கும் சுவத்தைப் பார்த்தே படுத்துக் கிடப்பாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் பதில் வராது. என் நேரம், நான் எங்கெங்கேயோ கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டேன். இப்ப எனக்கு முன்ன எழுந்திரிக்கிறாரு. எழுந்த கையோட பிளாக்கியை நடக்கக் கூட்டிட்டுப் போறாரு. வரும்போது எனக்கு ரொட்டி சானாய்கூட வாங்கிட்டு வர்றாரு.”

“அதுக்காக இன்னும் எத்தனை நாளைக்கு ஆன்டி தெரியாத மாதிரியே இருப்பீங்க?”

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மாத்திரைக்கு நான் சரின்னு சொல்லிட்டா, எனக்கு முன்ன அவரு எதுக்கு டாக்டர் எழுந்திரிக்கணும்?”